இரண்டு ஜெர்மனிகளும் ஒரு ஜவ்வாது மலையும்

சர்வதேச உறவுகள் படிக்க டெல்லிக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் தாய்மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அத்தப் படிச்சிட்டு வந்து இன்னாம்மா பண்ணப் போற? நம்ம ஆலங்காயத்துல எம்பசி தொறக்கறாங்களா?” மாமாவுக்குப் புளி வியாபாரம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் புளி, கடுக்காய், தேன், சாமை எல்லாவற்றின் விலையும் அவருக்கு மனப்பாடம். அவருடைய மண்டியில் உட்கார்ந்து பார்த்தால் வெளியுலகம் வாணியம்பாடி ரயிலடியோடு முடிந்துவிடும். கேலியாகக் கேட்டாரே தவிரத் தடுக்கவில்லை. ரயில் செலவுக்குப் பணம் கொடுத்ததும் அவர்தான்.

நான் போனது 1970களின் கடைசியில். திரும்பி வந்து மலையடிவாரத்துக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் நடத்தி, ஓய்வும் பெற்றாயிற்று. மாமாவின் கேள்விக்கான பதில் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் சாலையிலேயே, காவலூரில், இருந்தது. டெல்லியில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. காவலூர் வானாய்வகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் டெல்லிப் பள்ளியைச் சொல்லாமல் காவலூரை நான் பார்க்கும் விதத்தைச் சொல்ல முடியாது.

வெளிநாட்டு விவகாரத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக இந்தியாவில் உருவாக்கியவர்களில் முன்னால் நிற்பவர் ஏ. அப்பாதுரை. சென்னையில் பேராசிரியராக இருந்தவர். கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலைமையைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. கல்வெட்டுகளில் வரியையும் வணிகக் குழுக்களையும் தேடிக்கொண்டிருந்த அந்த மனிதர் 1940களில் டெல்லிக்குப் போய், 1943இல் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் குழுவின் பொதுச்செயலாளர் ஆனார். 1947 மார்ச் கடைசியில் ஆசிய உறவுகள் மாநாட்டைக் கூட்டியது அந்தக் குழு. சுதந்திரம் வருவதற்கு முன்பே வெளியுறவு பேசத் தொடங்கிய நாடு நம்முடையது! 1955இல் குழுவுக்குச் சப்ரு ஹவுஸ் என்ற சொந்தக் கட்டடம் கிடைத்தது. அதே ஆண்டில் அங்கே சர்வதேச ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளி தொடங்கியது. முதல் இயக்குநர் அப்பாதுரை. 1970இல் அந்தப் பள்ளி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

அதன் வேலை என்ன? வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவின் வெளியுறவு லண்டனில் முடிவானது. சீனம் தெரிந்தவர், ரஷ்யம் படிப்பவர், அரபு நாடுகளின் எண்ணெய்க் கணக்கு அறிந்தவர் என்று இங்கே அதிகம் பேர் இல்லை. அவர்களை உண்டாக்குவதுதான் பள்ளியின் வேலை. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நிலப்பகுதி. முடிந்தால் அந்த நிலத்தின் மொழி. சப்ரு ஹவுஸ் நூலகத்தில் செய்தித்தாள் நறுக்குகளைத் தலைப்பு வாரியாக ஒட்டிச் சேர்த்து வைத்திருந்தார்கள். பசை காய்ந்து மஞ்சளேறிய அந்தத் தாள்களைப் புரட்டியே பல முனைவர் பட்டங்கள் வந்தன. நல்ல பள்ளி. நான் அதற்குக் கடன்பட்டவள்.

ஆனாலும் டெல்லியின் கண் மாஸ்கோவையும் வாஷிங்டனையும் விட்டு நகராது. தெற்கைப் பார்க்கத் தனியாக ஒரு கண் வேண்டியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வி. சூரியநாராயணன் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தின் முதல் இயக்குநராக இருந்து அதைச் செய்தார். கச்சத்தீவு, பாக் நீரிணை மீனவர், இலங்கை அகதிகள், 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் என்ற எண்ணாகிப்போன மலையகத் தமிழர் என்று டெல்லி அடிக்குறிப்பில் தள்ளிய விஷயமெல்லாம் அங்கே புத்தகத் தலைப்பாயிற்று.

இரண்டு இடமும் ஒப்பந்தத்தைப் படித்தன, அகதியைப் படித்தன, போரைப் படித்தன. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் என்ன கருவி வாங்கியது, யாரிடம் வாங்க முடியாமல் போனது, வாங்கியதை எங்கே வைத்து யாரோடு சேர்ந்து பயன்படுத்தியது என்ற கேள்விகள் என் பாடத்திட்டத்தில் ஓரமாகக்கூட வரவில்லை. அணிசேராமையை நேருவின் உரைகளிலிருந்து படித்தேன். அதைவிடத் தெளிவாக அது காவலூரில் ஒரு கூரைக்கடியில் இருக்கிறது.

காவலூர் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். ஏலகிரி, கொடைக்கானல் போலச் சுற்றுலாப் பெயர் எடுத்த மலை அல்ல ஜவ்வாது. வெளியூர்க்காரருக்கு அது சந்தன மரம். திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்கில் நடக்கும் ஏலம். மலை மேல் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று கதை சொல்வார்கள். நாடு நாடாகப் பிரிந்து, நாட்டுக்கொரு தலைவர் வைத்துத் தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்டவர்கள். 1960களில் இந்தக் காட்டைத் தேடி வந்தவர் வானியலாளர் வேணு பாப்பு.

பாப்புவின் பிறப்பு 1927, சென்னை. வளர்ந்தது ஹைதராபாத்தில், அப்பாவுக்கு அங்கே நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. நிஜாம் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்ட் போனார். 1949இல் அமெரிக்காவில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு பாப்பு-போக்-நியூகர்க் என்று பெயர். திரும்பி வந்து நைனிடால் வானாய்வகத்தை நிலைநிறுத்தி, 1960இல் கொடைக்கானலுக்கு இயக்குநரானார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்கும் இடம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்கும் நில அளவைக்கும் உதவும் என்று 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் சென்னையில் வைத்த வானாய்வகத்தின் வாரிசு அது. பாப்புவுக்கு இரவு வானம் வேண்டியிருந்தது. அதிலும் தென்வானம்.

ஜவ்வாதுவைத் தேர்ந்ததற்கு இருட்டும் மழைக் கணக்கும் மட்டும் காரணம் அல்ல. காவலூர் இருப்பது வட அட்சம் பன்னிரண்டரைப் பாகையில். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய தொலைநோக்கிகள் காணாத தென்வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து தெரியும். தீர்க்கரேகையோ ஏறத்தாழ 79 பாகை கிழக்கு. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே இந்தியப் பெருங்கடலின் அகலம் முழுக்கத் தென்வானத்தைப் பார்க்கும் பெரிய கண் அப்போது வேறு இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டும். அந்த இடம் நம்முடையது. ஒரு ஏழை நாட்டிடம் பணக்கார நாடுகள் வந்து பேசவேண்டிய காரணம் இருந்தால், அதைப் பேரம் என்று என் பாடத்தில் சொல்வோம். பாப்பு நிலப்படத்தைப் பார்த்துப் பேரத்துக்கு இடம் பிடித்தார் என்றே நினைக்கிறேன்.

1968இல் கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு காவலூர் தொடங்கியது. அடுத்து வந்ததுதான் என் கதைக்கு முக்கியம்: ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, 1972. எங்கள் பக்கம் எல்லோரும் ‘நாற்பது இன்ச் டெலஸ்கோப்பு’ என்பார்கள். செய்தவர்கள் கார்ல் ஜெய்ஸ், யேனா. கிழக்கு ஜெர்மனி.

யேனா நகரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை அந்த ஊரைப் பிடித்தது. ஆனால் ஒப்பந்தப்படி அது சோவியத் பங்கில் போய்ச் சேரவேண்டிய ஊர். ஜூலையில் கைமாற்றிக் கொடுப்பதற்கு முன் அமெரிக்கர்கள் ஜெய்ஸ் நிறுவனத்தின் தலைமை வல்லுநர்களை லாரியில் ஏற்றி மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். அதே ஊரிலிருந்த ஷாட் கண்ணாடி நிறுவனத்திலிருந்தும் 41 பேரை அழைத்துப்போனார்கள். பின்னால் வந்த சோவியத்காரர்கள் இயந்திரங்களையும், 1946 அக்டோபரில் எஞ்சிய வல்லுநர்கள் பலரையும் கிழக்கே எடுத்துப்போனார்கள். இவ்வளவுக்கும் பிறகு மீதியை வைத்து யேனா எழுந்து நின்றது. மேற்கே ஓபர்கோக்கனில் இன்னொரு ஜெய்ஸ். உண்மையான ஜெய்ஸ் யார் என்று இருவரும் நாட்டுக்கு நாடு கோர்ட் ஏறினார்கள். பாகப்பிரிவினை வழக்கு பார்த்த எந்த வட ஆர்க்காட்டுக் குடும்பத்துக்கும் இது எளிதில் புரியும்.

நாடாகவும் கிழக்கு ஜெர்மனி ஓர் அரைகுறை நிலையில் இருந்தது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாட்டோடு உறவை முறிப்போம் என்பது 1955இலிருந்து மேற்கு ஜெர்மனியின் கொள்கை. ஹால்ஸ்டீன் கோட்பாடு என்று பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்போம். 1957இல் யூகோஸ்லாவியாவோடு முறித்தும் காட்டினார்கள். ரூர்கேலா உருக்காலை மேற்கு ஜெர்மனியின் துணையில் எழுந்தது. உதவிப் பணமும் அங்கிருந்தே வந்தது. அதனால் இந்தியா கிழக்கை வெளிப்படையாக ஏற்கவில்லை. ஆனால் வியாபாரத்தை விடவும் இல்லை. 1954இலேயே வர்த்தக உடன்பாடு உண்டு. சோவியத் அணி நாடுகளோடு டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தவும் வழி இருந்தது. அந்நியச் செலாவணியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. முழுத் தூதரக உறவு ஏற்பட்டது 1972 அக்டோபர் 8 அன்று.

ஜூன் மாதமே ஜவ்வாது மலையில் யேனாவின் தொலைநோக்கி வேலை செய்துகொண்டிருந்தது. தூதர் வருவதற்கு முன்பே கண்ணாடி வந்துவிட்டது. அதே ஆண்டு நைனிடாலுக்கும் அதன் ஜோடி போய்ச் சேர்ந்தது.

1972 ஜூன் 7. வியாழனின் பெரிய நிலவான கனிமீடு அன்றிரவு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபடி கடந்தது. நட்சத்திர ஒளி சட்டென்று அணைந்தால் நிலவில் காற்று இல்லை. மங்கி மங்கி அணைந்தால் காற்று உண்டு. மறைப்பு தெரியும் பாதை இந்தோனேசியாவிலும் தென்னிந்தியாவிலும் விழுந்தது. ஜாவாவில் லெம்பாங்கிலிருந்து ஒரு குழு பார்த்தது, காவலூரிலிருந்து ஒரு குழு. லெம்பாங் வானாய்வகம் போஸ்கா என்ற டச்சுத் தேயிலைத் தோட்ட முதலாளியின் பணத்தில் 1923இல் தொடங்கியது. அவர் நடத்திய தோட்டத்தின் பெயர் மலபார்! அங்கிருந்து மலையிறங்கினால் பாண்டுங். 1955இல் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடிய அதே பாண்டுங். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. அமெரிக்கர் கார்ல்சனின் பெயர் முதலில். அடுத்து காவலூரின் ஜே. சி. பட்டாச்சார்யா; பட்டியலில் இந்தோனேசியாவின் பாம்பாங் ஹிதாயத்தும் உண்டு.

இங்கேதான் என் டெல்லிப் படிப்பு எனக்கு உதவியது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1971 ஆகஸ்ட்: இந்திய-சோவியத் ஒப்பந்தம். டிசம்பர்: வங்கதேசப் போர்; எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்குள் வருகிறது. டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் பேச்சு அற்றுப்போன நேரம் என்று எந்தப் பாடநூலும் சொல்லும். ஆறே மாதத்தில், அதே வங்கக் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்துகொண்டு, அமெரிக்கரும் இந்தியரும் இந்தோனேசியரும் ஒரே நட்சத்திரத்தை அளக்கிறார்கள். காவலூரில் அதற்கான கருவி அமெரிக்காவும் அங்கீகரிக்காத, இந்தியாவும் அதுவரை முழுதாக அங்கீகரிக்காத ஒரு நாட்டில் செய்தது. அணிசேராமை கனவா, வேஷமா, தந்திரமா என்று நாங்கள் வகுப்பறையில் தொண்டை வற்ற வாதாடியிருக்கிறோம். இந்த ஓர் இரவை யாராவது எடுத்து மேஜைமேல் வைத்திருந்தால் விவாதம் கொஞ்சம் உருப்படியாக இருந்திருக்கும்.

கண்டுபிடிப்பு முழுதாக நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கனிமீடில் காற்று இருக்கிறது என்று 1972இல் சொன்ன அளவு மிக அதிகம் என்று 1979இல் வாயேஜர் விண்கலம் காட்டியது. மிக மெல்லிய ஆக்சிஜன் மட்டும் இருப்பதைப் பிறகு ஹப்பிள் கண்டது.

நிலைத்தது 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கிக் கடந்த இரவு. அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பறந்தது. காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதே யேனா தொலைநோக்கியில். தரையில் நெருக்கடி நிலை இன்னும் விலகவில்லை. ஆறு நாளில் வாக்குப்பதிவு. யுரேனஸ் வருவதற்கு முன்பே நட்சத்திர ஒளி விட்டுவிட்டு மங்கியது. விமானக்காரர்கள் வளையம் என்றார்கள். காவலூர்க்காரர்கள் முதலில் புதிய துணைக்கோள் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இரண்டு கட்டுரையும் ஒரே இதழில் வந்தன. அதே ஆண்டு இறுதிக்குள் பட்டாச்சார்யாவும் பாப்புவும் தங்கள் பதிவைத் திரும்பப் படித்து, சனிக்கு இருப்பது போல வளையக் கூட்டம் என்று எழுதினார்கள். வானியல் நூல்களில் பெரும் பெயர் விமானத்துக்கே. அது நியாயம்தான் என்றாலும், மலைக்காட்டிலிருந்து பதிவு செய்தவர்களை நம் பள்ளிப் புத்தகங்களாவது இரண்டு வரியில் சொல்லலாம்.

1979இல் பாப்பு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அந்த ஒன்றியமே ஒரு வெளியுறவுப் பாடம். முதல் உலகப் போர் முடிந்த 1919இல் வென்றவர்கள் கூடித் தொடங்கியது. தோற்ற ஜெர்மனி 1950கள் வரை உறுப்பினராகவில்லை. தைவானைச் சேர்த்தார்கள் என்று 1960இல் சீனா வெளியேறி, சுமார் இருபது ஆண்டு ஒதுங்கியிருந்தது. அப்படிப்பட்ட சபைக்குத் தலைமை ஏற்றவர் 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் தலைமையுரை ஆற்றியிருக்க வேண்டும். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மியூனிக்கில் ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். 55 வயது. ஒன்றியத்தின் அடுத்த பொதுச்சபை 1985 நவம்பரில் டெல்லியில் கூடியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் திட்டமிட்ட பெரிய தொலைநோக்கி, 2.34 மீட்டர், முழுக்க நாமே வடிவமைத்துச் செய்தது. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். நாமே செய்தது என்றாலும் ஆடிக்கான கண்ணாடிக் கட்டி மட்டும் வெளியிலிருந்து வந்தது: மேற்கு ஜெர்மனி, மைன்ஸ் நகரத்து ஷாட் நிறுவனம். 1945இல் யேனாவிலிருந்து அமெரிக்கர்கள் அழைத்துப்போன அந்த 41 பேர் சேர்ந்து 1952இல் மைன்ஸில் எழுப்பிய ஆலை அது. பெங்களூருவில் ஏ. பி. ஜெயராஜனின் குழு அதைத் தேய்த்து மெருகேற்றி ஆடியாக்கியது. ஒரே ஊரிலிருந்து கிழக்கும் மேற்குமாகப் பிரிந்த இரண்டு வம்சமும் ஜவ்வாது மலையில், கூப்பிடு தூரத்தில், அடுத்தடுத்த கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. பெர்லின் சுவர் விழ அப்போது இன்னும் மூன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தது.

நான் கல்லூரியில் இருந்தவரை மாணவர்களைச் சனிக்கிழமைகளில் காவலூருக்கு அழைத்துப்போவேன். பொதுமக்கள் பார்க்க அன்றுதான் அனுமதி. மேகம் இல்லையென்றால் சனியின் வளையத்தைக் காட்டுவார்கள். இப்போது வடமேற்குத் திசையில் வாணியம்பாடி, ஆம்பூர் ஊர்களின் வெளிச்சம் வானத்தை வெளுக்கிறது. அந்த ஊர்களின் தோல் பொருள்களும் காலணிகளும் அதிகம் போகும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. இதையும் அவர்களிடம் சொல்வேன். அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு இது ஏன் என்று சக ஆசிரியர் ஒருவர் முகம் சுளித்ததுண்டு. மாணவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் யேனா தொலைநோக்கியின் முன்னால் நின்று கேட்டான்: “மேடம், அந்த நாடே இல்லாம போயிடுச்சே, இப்ப ஸ்பேர் பார்ட்ஸ் யாரு குடுப்பாங்க?”

இந்த வேலையில் நான் கேட்ட கேள்விகளில் சிறந்தது அது. ஆடிக்கு அலுமினியப் பூச்சு போடும் வசதி காவலூரிலேயே இருக்கிறது என்றும், ஒளிப்படத் தகடு வைத்த இடத்தில் மின்னணு உணரியை இவர்களே பொருத்திக்கொண்டார்கள் என்றும் அவனுக்குச் சொன்னேன். 2022 டிசம்பரில் அந்தத் தொலைநோக்கிக்கு 50 ஆண்டு நிறைவு விழா எடுத்தார்கள். இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. அதைச் செய்து கொடுத்த கிழக்கு ஜெர்மனி 1949 அக்டோபர் 7 அன்று பிறந்து 1990 அக்டோபர் 3 அன்று முடிந்தது. 41 ஆண்டு நிறைய நான்கு நாள் குறைவு.